தூளிக்குப் பக்கத்தில் ஒரு கணினி

எங்கள் வீட்டுக் கணினி முதல் தடவை அணைந்தபோது கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எதிர்வீட்டில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரை மட்டும் கறுத்துப் போயிருந்தது. காதில் பேசிக்கொண்டிருந்த அமெரிக்க டாக்டர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். அவர் பேச்சை ஓட்டும் கால்மிதியை நான் அழுத்திக்கொண்டே இருந்தேன், என்னவோ நான் அழுத்துவதுதான் போதவில்லை என்பதுபோல.

அது ஏப்ரல் மாதம். என் மகளுக்கு ஐந்து மாதம். ரெட்டியார்பாளையத்தில் ஒரு சொல்தா வீட்டு மாடியில் குடியிருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் கட்டிய வீடு என்பதால் தெருவில் அதற்கு அந்தப் பெயர். வீட்டுக்காரர்கள் எல்லோரும் பிரான்சில். கீழ்வீடு பூட்டியே கிடந்தது. எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான். வெயில் காலத்தில் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடும்.

என் வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று ஒரு கருவியில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு இன்டர்நெட்டில் இங்கே வரும். அதை நாங்கள் காதில் மாட்டிக் கேட்டு, டைப் செய்து, கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வருடங்களில் பாண்டிச்சேரியில் தெருவுக்கு ஒருத்தியாவது இந்த வேலையில் இருந்தாள். பிரசவ விடுப்பு முடிந்தபோது எங்கள் டீம் லீடர் மேடம் மேலிடத்தில் எனக்காகப் பேசி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டு நிபந்தனைகள். ஒரு மாதத்தில் மூன்று ஃபைல் தாமதமானால் அனுமதி ரத்து. மருந்தின் அளவோ உடம்பின் பாகமோ மாறிப்போகிற மாதிரியான தவறு என்றால் ஒன்றே போதும், ரத்து.

ரத்தானால் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஆபீசில் இருக்க வேண்டும். எனக்கு அம்மா இல்லை. மாமியாருக்கு விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் வயலும் மாடும். இரண்டு நாளுக்கு மேல் இங்கே தங்க முடியாது. கணவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் ஒருவர் சம்பளத்தில் மாதத்தை ஓட்டிப் பார்த்துவிட்டோம், ஓடவில்லை. ஆகவே அந்த அனுமதி இருக்கும்வரைதான் குழந்தை என் பக்கத்தில். இதைத் தினமும் காலையில் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உட்காருவேன்.

உட்காருவதும் சாதாரணமாக இல்லை. வலது காலுக்குக் கீழே மிதி. அழுத்தினால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிறுத்துவார். இடது கால் கட்டைவிரலில் தூளிக் கயிறு. கணவரின் பழைய வேட்டியை மேலே கொக்கியில் கட்டிய தூளி, மேசைக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கியது. காதில் டாக்டர், கண் திரையில், கை கீபோர்டில். பார்த்தவர்கள் சர்க்கஸ்காரி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் சொல்ல முடியாத கர்வம்.

கணினி விஷயத்திலும் அதே கர்வம்தான். கல்யாணத்துக்கு முன்பு நான் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்தவள். கணினிக்கு மேல்பெட்டியான கேபினெட் வாங்க டவுனில் ஒரு கடைக்குப் போனபோது அங்கிருந்தவர், "வீட்ல ஜென்ட்ஸ் யாராவது வந்தா வெவரமா சொல்லலாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அத்தனை பாகங்களையும் சென்னையில் வாங்கிவந்து, கூடத்தில் பாய் விரித்து, ஒரு ஸ்குரூ விடாமல் நானே பூட்டினேன். கணவர் டார்ச் மட்டும் பிடித்தார். பொத்தானை அமுக்கியதும் முதல் தடவையிலேயே உயிர் வந்தது. இனி எந்தக் கடைக்காரன் கையும் இதன்மேல் படக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன். சொன்னது வினையாகிவிட்டது.

முதல் வாரம் யுபிஎஸ்மேல் சந்தேகப்பட்டேன். அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். அணைந்தது. பிறகு ரேமைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். அந்தக் காலத்தில் எந்த வியாதிக்கும் அதுதான் கைவைத்தியம். அதற்கும் அணைந்தது. வைரஸ் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். பாதி ஏற்றும்போதே அணைந்தது. மென்பொருள் முழுதாக இல்லாத இயந்திரத்தை எந்த வைரஸ் அணைக்கும்?

அணைந்ததும் உடனே திரும்பப் போட்டு, பயாஸ் என்கிற அந்த நீலத் திரைக்குள் போய்ப் பார்த்தேன். மதர்போர்டு தன் உடல்நிலையைத் தானே சொல்லும் பக்கம் ஒன்று அதில் உண்டு. கணினியின் மூளையான பிராசசரின் வெப்பம் தொண்ணூற்றி நாலு டிகிரி என்று காட்டியது. அறுபதைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று கோர்ஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொண்ணூறுக்கு மேல் போனால் உருகிவிடாமல் இருக்க அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். பாவம், அது உயிருக்குப் பயந்து கண்ணை மூடியிருக்கிறது. நான் அதைத் தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறேன்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி சுலபம் என்று நினைத்தேன். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். பிராசசர்மேல் ஹீட் சிங்க் என்ற அலுமினியத் தகட்டு அடுக்கு, அதன் தலையில் கையகல ஃபேன். ஃபேன் நன்றாகச் சுற்றியது. இறக்கைகளில் தூசு இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஈரத்துணியால் நானே துடைப்பவள். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் எதிரில் வைத்தேன். பத்து நிமிடத்தில் அணைந்தது இப்போது பதினைந்து நிமிடம் தாங்கியது. அவ்வளவுதான்.

மே மாதம் பிறந்து ஐந்து நாளில் முதல் ஃபைல் தாமதம். மேடம் போனில், "வெயில் எல்லாருக்கும்தான் அடிக்குது. பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு விளையாடுவார். அதனால்தான் பிராசசர் கெட்டுவிட்டது என்றேன்.

"வாரத்துல ஒரு மணி நேரம் வெளாடறதுக்கா?"

"நீங்க வெளாடி அத கெடுத்து வைப்பீங்க. நான் வேலைக்கு ஒக்காந்தா அணையும். அத எந்தக் கோயில்ல போய்ச் சொல்றது?"

"கடையில ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்டி. பைக்ல வச்சு நான் எடுத்துனு போறேன்."

"கடைக்கெல்லாம் போவாது. பேஸ்ட் காஞ்சிருக்கும். நல்ல பேஸ்ட் வாங்கினு வாங்க, நானே போடறேன்."

பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்துவதற்கு ஒரு களிம்பு தடவுவது உண்டு. மறுநாள் ஊசிக்குழல் போன்ற ஒன்றில் அதை வாங்கி வந்தார். ஹீட் சிங்கை ஃபேனோடு சேர்த்துத் தூக்கினேன். அடியில் செம்புத் தகடு, அதில் பழைய களிம்பு காய்ந்து பொருக்காகியிருந்தது. ஆகா, இதுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கண்ணாடிபோலத் துடைத்து, கடுகளவு புதுக் களிம்பு வைத்து, அப்படியே திரும்ப அழுத்திப் பூட்டினேன். மேலே ஃபேன் சுத்தம், கீழே செம்பு சுத்தம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள் அல்லவா.

பதினாறு நிமிடத்தில் அணைந்தது.

"மட்டமான பேஸ்ட் வாங்கினு வந்திருக்கீங்க" என்றேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைப்பேன், அவர் டங்கென்று எடுத்துக்கொள்வார்.

அதற்குள் மதர்போர்டு சிடியில் வந்திருந்த ஒரு சின்ன மென்பொருளை ஏற்றியிருந்தேன். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், வெப்பம் எண்ணாகத் தெரியும். அதைப் போட்டது பெரிய தப்பு. கண் அங்கேயே போய் நின்றது. எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்திமூன்று. டாக்டர் இதயத் துடிப்பைச் சொல்வார், நான் எண்பத்தாறைப் பார்ப்பேன். எண்பத்தெட்டில் கைவிரல் வியர்க்கும். தொண்ணூறில் சேவ் செய்துவிட்டு நானே அணைத்துவிடுவேன். பத்து நிமிடம் ஆற விட்டுத் திரும்பப் போடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் கோலம் போடுகிறவள் நிலைமை எனக்கு.

பதினெட்டாம் தேதி இரண்டாவது ஃபைல் தாமதம். அன்றைக்குக் குழந்தை தூளியில் தூங்காமல் கால் கையை ஆட்டிச் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். திரை அணைந்த நொடியில் தூளியை ஒரு தள்ளு தள்ளி, "தூங்கித் தொலையேன் சனியனே" என்று கத்திவிட்டேன். தூளி வேகமாக ஆடியது. விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து, அவள் வாயைத் திறந்து சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் இத்தனை பாடும் என்பது எனக்கு மறந்தேபோயிருந்தது.

மேடம் கூப்பிட்டார். இந்தத் தடவை பேச்சில் அந்த 'ம்மா' இல்லை. "ரெண்டு ஆயிடுச்சு. இன்னும் பதிமூணு நாள் இருக்கு. மூணாவது வந்தா என்னால மேல பேச முடியாது."

"இனிமே வராது மேடம்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எலும்பு டாக்டர் ஒருவருடைய ஃபைல் வந்தது. முப்பத்திரண்டு நிமிடப் பேச்சு. மனிதர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர். கெடு மதியம் ஒரு மணி. நல்ல இயந்திரத்தில் இரண்டரை மணி நேர வேலை. இன்னொரு அரை மணி முழுதும் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க. எனக்கோ ஓடுகிற நேரத்துக்கு ஈடாக ஆற விடுகிற நேரமும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மணிக்குள் முடியவே முடியாது. போட்டுப் பார்த்துவிட்டும் உட்கார்ந்தேன்.

ஒன்பது இருபதுக்கு ஒருமுறை நானே அணைத்தேன். ஒன்பதே முக்காலுக்கு இன்னொரு முறை. பத்தேகாலுக்கு, டாக்டர் ஒரு அம்மாளின் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் பார்க்கத் தவறிய நேரத்தில் அதுவே அணைந்தது. கடைசியாகச் சேவ் செய்த இடம் இரண்டு வரி முன்னால். திரும்பப் போட்டு, அந்த இரண்டு வரியை நினைவிலிருந்து டைப் செய்து, பேச்சைக் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் பிடித்துத் தொடர்ந்தேன். பத்தரைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டும் அக்கா வந்தார்.

மூலக்குளத்திலிருந்து வருவார். ஐம்பது வயதிருக்கும். குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் கைதேர்ந்தவர். அந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் காலில் கிடந்து குளித்தவைதான். எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, துவட்டி, பவுடர் போட்டு, கொட்டாங்குச்சி நெருப்பில் சாம்பிராணி தூவி, தலைக்கும் முதுகுக்கும் புகை காட்டுவார். தலையில் ஈரம் நின்றால் சளி பிடிக்கும் என்று அந்தப் புகையைத் தூளிக்குள்ளும் ஒரு சுற்று காட்டிவிட்டுத்தான் குழந்தையைப் போடுவார். இதெல்லாம் தினமும் நடப்பது. நான் காதில் டாக்டரோடு இருப்பேன். வாசனை வந்தால் மணி பதினொன்று என்று தெரிந்துகொள்வேன்.

"இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி இருக்குது?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா. ஒரு மணிக்குள்ள இத முடிக்கணும். இது முடிக்க விட மாட்டேங்குது."

அவர் குழந்தையை எடுத்துக்கொண்டு போனார். நான் மறுபடி ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டேன். பதினொன்றுக்கு அவர் தூபக்காலோடு வந்தார். பக்கத் தகடு கழற்றிய கேபினெட் என் முழங்காலுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. தூளிக்கு அடியிலிருந்து கிளம்பிய புகை, டேபிள் ஃபேன் தள்ளியதில், மெதுவாக அந்தக் கேபினெட்டுக்குள் போனது. மூலையில் எண் எண்பத்தொன்பது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தூபக்காலைத் தட்டிவிட்டிருப்பேன். வாயைத் திறந்தேன், திட்டுவதற்குத்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

புகை ஃபேனுக்கு மேலே போய் நின்றது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற ஃபேன் புகையை உள்ளே இழுக்க வேண்டும். இழுத்த புகை கீழே தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே வர வேண்டும். ஒன்றும் உள்ளே போகவில்லை. நிறைகுடத்தில் ஊற்றிய தண்ணீர் போல, ஃபேனின் விளிம்பிலேயே வழிந்து நாலா பக்கமும் பரவியது. தகடுகளின் இடுக்கிலிருந்து ஒரு துளிப் புகை வரவில்லை.

"அக்கா, இன்னொரு தடவ காட்டுங்க."

"கொயந்தைக்கா?"

"இல்ல, இதுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் சாமிக்குக் காட்டுவதுபோல மிகுந்த மரியாதையுடன் கேபினெட்டுக்குத் தூபம் காட்டினார். மறுபடியும் அதே. புகை மேலேயே திரும்பிவிட்டது.

பிளக்கைப் பிடுங்கினேன். ஹீட் சிங்கின் தலையிலிருந்து ஃபேனை மட்டும் தனியாகக் கழற்ற நான்கு பிளாஸ்டிக் கொக்கிகள். நகத்தால் முடியவில்லை, தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கை எடுத்து நெம்பினேன். ஃபேன் வந்தது. அதற்குக் கீழே ஹீட் சிங்க் தெரியவில்லை. வட்டமாக, சாம்பல் நிறத்தில், கம்பளித் துணி போன்ற ஒன்று தகடுகளின் தலையை மூடிப் படுத்திருந்தது. ஊக்கின் முனையால் ஓரத்தைத் தூக்கினேன். கல்லிலிருந்து அடை வருவதுபோல ஒரே வில்லையாக வந்தது.

வேட்டி நூல். தூளி ஆட ஆட உதிர்ந்த பஞ்சு. அதில் படிந்த பவுடர். எல்லாவற்றையும் பிசின் போட்டு ஒட்டியதுபோல சாம்பிராணிக் கரி. மூக்கருகில் கொண்டுபோனேன். குளித்து முடித்த என் மகளின் தலை வாசனை அதில் அடித்தது. ஆறு மாதமாக அவளுக்குச் செய்த அத்தனை பணிவிடையையும் அந்த ஃபேன் ஒரு தூசு விடாமல் இழுத்து வாங்கித் தனக்கு அடியில் சேர்த்துவைத்திருக்கிறது. தூளியை மேசையிலிருந்து ஒரு முழத்தில் கட்டியவள் நான். என் கணவரோ ஞாயிற்றுக்கிழமை திரையில் கார் ஓட்டியதைத் தவிர ஒரு பாவமும் செய்யவில்லை.

"ஐயோ, எம் பொகையாம்மா?" என்று அக்கா வாயில் கை வைத்தார்.

"உங்க பொகதாங்க்கா கண்டுபுடிச்சிக் குடுத்துச்சு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பழைய பல் தேய்க்கும் பிரஷால் தகடுகளின் இடுக்கை எல்லாம் கோதி ஊதி, ஃபேனைப் பூட்டி, பிளக்கைச் செருகியபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. திரை வந்தது. மூலையில் நாற்பத்தெட்டு. டாக்டரைப் பேசவிட்டேன். நாற்பத்தொன்பது. பத்து நிமிடம் போனது. ஐம்பத்தொன்று. அதற்கு மேல் ஏறவில்லை. குழந்தை தூங்கிவிட்டாள், அக்கா போய்விட்டார், அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு நிறைந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி.

அப்போது நான் ஒன்று செய்தேன். வேலையை நிறுத்திவிட்டு, கணவரின் கம்பெனிக்குப் போன் போட்டேன். அவர் உள்ளே மெஷினிடம் இருந்தார். கூப்பிட்டு வரச் சொன்னேன். வரும்வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, மூலையில் இருந்த ஐம்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாவது?"

"பாப்பா தூங்கறா. கண்டுபுடிச்சிட்டேன். ஃபேனுக்கு அடியில இவ்ளோ பெருசு அடை. நானே எடுத்தேன். இப்ப அம்பத்தொண்ணு! எந்தக் கடைக்காரன் கண்டுபுடிச்சிருப்பான், சொல்லுங்க?"

பேஸ்ட் மட்டம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று பிற்பாடு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். பீற்றிக்கொள்ளத்தான் கூப்பிட்டேன். கழற்றியதிலிருந்து பூட்டியதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடி, ஃபைல அனுப்பிட்டியா?" என்றார். மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐந்து.

அதன் பிறகு நான் டைப் செய்த வேகம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. குழந்தை எழுந்து அழுதாள். இடது காலால் ஆட்டினேன், கண்ணைத் திருப்பவில்லை. பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குக் கடைசி வரி முடிந்தது. எப்போதும் முழுதும் ஒருமுறை திரும்பக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். அன்றைக்கு நாலு நிமிடம்தான் பாக்கி. எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு, வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கிணற்றை முழுசாகத் தாண்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை மேடம் கூப்பிட்டார்.

"ஃபைல் டயத்துக்கு வந்துச்சும்மா" என்றார். "அந்த முழங்கால் கேசு. வலதுன்னு போட்டிருக்க."

"டாக்டர் வலதுன்னுதான் மேடம் சொன்னாரு."

"வலதுன்னு சொல்லிட்டு, இல்ல இல்ல, இடதுன்னு திருத்தினாரு. திரும்பக் கேட்டுப் பாரு. நல்லவேள, இங்க செக் பண்றவங்க புடிச்சிட்டாங்க. ஆப்பரேஷனுக்குப் போற பேஷண்டும்மா அது."

கேட்டுப் பார்த்தேன். பத்தேகாலுக்கு அணைந்த இடம் அது. வலது என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. திருத்தியது, நான் குத்துமதிப்பாகப் பிடித்துத் தொடர்ந்த இடத்துக்கு ஐந்தாறு நொடி முன்னால். அதாவது அந்தத் திருத்தத்தை நான் கேட்கவே இல்லை. கணினி அணைந்ததால் வந்த தவறு மேடம் என்று சொல்லிப் பார்க்கலாம். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பன்னிரண்டு மணிக்கு எனக்குக் கையில் நேரம் இருந்தது. அந்த இடத்தில் அணைந்தது என்பதும் எனக்குத் தெரியும். கணினி குளிர்ந்துபோய் என் சொல்லைக் கேட்க ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் நான் ஐம்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துடு" என்றார் மேடம். "என்னால முடிஞ்சத பேசிட்டேன்."

கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். குளிப்பாட்டும் அக்கா குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்கப் பார்த்தோம். ரப்பரை நாக்கால் தள்ளித் தள்ளி என் முகத்தைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஆபீசில் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். ஏசி குளிரில் மேசையெல்லாம் சில்லென்று இருந்தது. வலது காலுக்கு மிதி இருந்தது. இடது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தேன். பதினொன்றுக்கு மார்பு கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைவதற்குள் எழுந்து கழிவறைக்கு ஓடினேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டேன். மேடம் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "ஒண்ணும் இல்லியேம்மா?" என்றார்.

"இல்ல மேடம். தோ வந்துட்டேன்" என்றேன். குழாயைத் திறந்துவிட்டேன்.